அனிச்சையும் அறிவும்

முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழே சிறு சுத்தியலால் தட்டினால் கால் தானாக முன்னோக்கி எழுகிறது. தட்டப்பட்டவர் அதனை எழுப்பவில்லை. எழக்கூடாதென்று எண்ணியிருந்தாலும் அது எழுகிறது. இச்செயலுக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனை 'அனிச்சைச் செயல்' என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'தெறிவினை' என்கின்றன. மலேசியத் தமிழர் செவிக்கு முன்னதே பழக்கமானது. ஒரு பொருளுக்கு இரு சொல் இருப்பது மொழிக்குப் புதிதன்று. ஆயினும் இவ்விரு சொற்களும் வெறும் மாற்றுப் பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றும் மனித உடலைப் பற்றிய ஒரு கொள்கையைத் தன்னுள் வைத்திருக்கிறது.

'அனிச்சை' என்பது இச்சை இல்லாதது என்று பொருள்படும். அச்சொல் செயலை விருப்பத்தோடு வைத்து அளக்கிறது. உள்ளே விரும்புகின்ற ஒருவன் உளன், இச்செயலில் மட்டும் அவனுக்குப் பங்கில்லை என்பது அதன் குறிப்பு. (அனிச்ச மலரோடு இச்சொல்லுக்கு உறவு கற்பிக்கும் மாணவர் எவ்வகுப்பிலும் ஓரிருவர் இருப்பர். மோந்தால் குழையும் மலராதலின் அம்மயக்கம் அழகியதே. எனினும் சொற்பிறப்பு வேறு.) 'தெறிவினை' என்பதோ உள்ளிருக்கும் ஆளை நினைக்கவே இல்லை. நாண் தெறிக்கிறது, சுவரில் பட்ட பந்து தெறிக்கிறது, அவ்வாறே உள்ளே சென்ற தூண்டல் செயலாகி வெளியே தெறிக்கிறது. அவ்வளவே. ஒரு சொல் உயிரை வைத்து உடலைப் பார்க்கிறது. மற்றது பொறியாக உடலைப் பார்க்கிறது. உயிராற்றல் வாதம், பொறிவாதம் என இவற்றைப் பெயரிட்டுக்கொண்டால், மேலைநாட்டு மருத்துவச் சிந்தனையில் மூன்று நூற்றாண்டுக்கு மேலாக நடந்த ஒரு பெருவழக்கு இவ்விரு தமிழ்ச் சொற்களுக்கிடையே அடங்கிக் கிடப்பது புலனாகும்.

இவ்வழக்கு நூலகத்தோடு முடிந்துவிடுவதன்று. போர்டிக்சன் வட்டாரத்துச் சுவா பெத்தோங், சுங்காலா, பிராட்வால், தானா மேரா முதலிய தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் வெட்டிய மக்களுக்கு அது அன்றாட வழக்கு. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, நிறைந்த வாளியைச் சுமந்து நடந்தவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று தோட்ட மருத்துவமனையின் டிரசர். மற்றொன்று லயத்திலேயே இருந்த, சுளுக்கு வழித்து நரம்பு உருவிவிடத் தெரிந்த பெரியவர். முன்னவர் மாத்திரை தந்தார். பெரும்பாலும் விளக்கம் தரவில்லை. பின்னவர் எண்ணெய் தடவினார், விளக்கமும் தந்தார். 'வாயு பிடித்திருக்கிறது', 'நரம்பு பிசகியிருக்கிறது', 'உயிர்நிலையில் அடி பட்டிருக்கிறது' என்பன அவ்விளக்கங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து மக்கள் பலரும் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின்னர், அதே விளக்கம் புதிய ஆடை அணிந்து நகரத்துக்கு வந்திருக்கிறது. முதுகெலும்பை நெட்டி முறித்துச் சீர்செய்யும் கைரோபிராக்டிக் என்னும் முறையே அது.

மேலைநாட்டு வழக்கின் தொடக்கத்தைச் சிறிது காண்பது பயன்தரும். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த், அரசர் பூங்காக்களில் நீரின் விசையால் இயங்கிய பாவைகளை உவமையாக்கி உடலின் இயக்கத்தை விளக்கினார். தீயருகே சென்ற கால் பின்வாங்குவது, கயிற்றை இழுத்தால் மறுமுனையில் மணி ஒலிப்பது போன்றது என்றார். நரம்புக் குழாய்களில் நுண்ணிய ஆவி ஓடுகிறது என அவர் கூறியது பிழை. ஆனால் சில செயல்களை உயிரின் தலையீடின்றியே விளக்கலாம் என்ற துணிவு பிழையன்று. அவரும் உயிரை மறுக்கவில்லை. மனிதனுக்கு அறிவுள்ள ஆன்மா உண்டென்றே கொண்டார். இதனை மறந்து அவரை வெறும் உலோகாயதராக எழுதுவது தமிழ்க் கட்டுரைகளில் அடிக்கடி காணப்படும் பிழை.

1853இல் ஜெர்மானிய உடலியலறிஞர் ஃபுளூகர், தலை நீக்கிய தவளையொன்றை வைத்து இவ்வழக்கைக் கூர்மையாக்கினார். தவளையின் விலாவில் அமிலத்துளி வைத்தால், தலை இல்லாத அவ்வுடல் அப்பக்கத்துக் காலால் அதனைத் துடைக்கிறது. அக்காலை நீக்கிவிட்டால், சிறிது தடுமாறிய பின், மறுபக்கத்துக் காலைக் கொண்டு துடைக்க முயல்கிறது. மூளை இல்லை, ஆயினும் நோக்கம் இருப்பது போல் தோன்றுகிறது, எனவே தண்டுவடத்துக்கும் ஓர் உணர்வு உண்டு என்றார் ஃபுளூகர். லோட்ஸெ என்னும் தத்துவ அறிஞர் இதனை மறுத்தார். முன்பு உயிரோடு வாழ்ந்தபோது நரம்பமைப்பில் பதிந்த பழக்கமே இப்போது வெளிப்படுகிறது. பழக்கத்தின் எச்சத்தை அறிவென்று கொள்ளலாகாது என்பது அவர் வாதம். மாணவருக்குச் சொல்ல மிகவும் ஏற்ற வழக்கு இது. காட்சி ஒன்றே, இருவரும் கண்டது அதே தவளையையே. வேறுபாடு முழுவதும் 'நோக்கம்' என்ற சொல்லை எவ்விடத்தில் வைப்பது என்பதில் இருந்தது.

முழங்கால் அனிச்சையை எர்ப், வெஸ்ட்ஃபால் என்னும் இரு ஜெர்மானிய மருத்துவர் 1875இல் தனித்தனியே எழுதி வெளியிட்டனர். 1906இல் ஆங்கிலேய அறிஞர் செரிங்டன், நரம்பு மண்டலம் ஓர் உடலை ஒன்றிணைத்து இயக்குவது எவ்வாறு என்பதைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஒரு தசை சுருங்கும்போது அதன் எதிர்த்தசை தளர்த்தப்படுகிறது. ஓர் அனிச்சை மற்றொன்றைத் தடுக்கிறது. தூண்டல்கள் கூடிக் கழிந்து ஒரு முடிவாகின்றன. தவளையின் 'நோக்கம்' என்று தோன்றியதற்குப் பெரும்பகுதி விடை இதில் கிடைத்தது. பொறி என்று சொன்னால் கடிகாரத்தை மட்டும் நினைத்துக்கொள்வோர்க்கு அவ்விடை எளிதில் விளங்காது.

இனிக் கைரோபிராக்டிக் தத்துவத்துக்கு வரலாம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில், காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பால்மர் என்பவர், 1895 செப்டம்பரில் தம் கட்டடத்துத் துப்புரவுப் பணியாளர் ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பில் விலகியிருந்த ஒரு முள்ளெலும்பைத் தள்ளிச் சீர்செய்ததாகவும், பதினேழு ஆண்டுகளாகச் செவி மந்தமாயிருந்த அவருக்குக் கேள்விப்புலன் மீண்டதாகவும் கூறினார். இம்முறையின் பிறப்புக் கதை இதுவே. செவியின் கேள்வி நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத்தண்டைச் சென்றடைகிறது. முதுகெலும்பின் வழியே அது செல்வதில்லை. உடற்கூறு நூலின் முதற்பாடமே இக்கதைக்கு எதிர்வழக்காக நிற்கிறது. ஆயினும் பால்மர் அதில் நிற்கவில்லை. 1910இல் வெளிவந்த தம் பெருநூலில், நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முள்ளெலும்பு விலகலால் வருவன என்றும், எஞ்சியவை பிற மூட்டுகளின் விலகலால் வருவன என்றும் எழுதினார். கணக்குக் கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு நூறும் முடிந்துவிடுகிறது. கொசுவுக்கோ, கிருமிக்கோ, குறையுணவுக்கோ அதில் இடமில்லை.

இக்கணக்குக்கு அடியில் ஒரு தத்துவம் உண்டு. உடலுக்குள் பிறவியிலேயே அமைந்த ஒரு பேரறிவு இருக்கிறது. பிரபஞ்சம் முழுவதிலும் உள்ள பேரறிவின் கூறு அது. மூளையிலிருந்து நரம்புகளின் வழியே பாய்ந்து உடலைக் காத்துவருகிறது. முள்ளெலும்பு விலகினால் அப்பாய்ச்சல் கெடுகிறது. விலகலை நீக்கினால் உள்ளறிவு தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். இதயத் துடிப்பு, செரிமானம், இருமல், தும்மல், சுடுபொருளைத் தொட்ட கை பின்வாங்கல் என எதையெல்லாம் உடல் தானாகச் செய்கிறதோ அவையெல்லாம் அவ்வுள்ளறிவின் சான்றுகள் எனப்பட்டன. செரிங்டனின் நூலும் பால்மரின் நூலும் நான்காண்டு இடைவெளியில் வெளிவந்தவை. ஒருவர் அனிச்சையை எடுத்து அதன் இணைப்புகளைப் பிரித்துப் பார்த்தார். மற்றவர் அதே அனிச்சையை எடுத்து வணங்கினார்.

பால்மரின் தத்துவத்தைப் பற்றி எழுதுவோர் ஒரு சட்ட வரலாற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். உரிமமின்றி மருத்துவம் பார்த்தார் என்று பால்மர் 1906இல் சிறை சென்றார். மறு ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் மொரிகுபோ என்னும் ஜப்பானியக் கைரோபிராக்டர் மீது அத்தகைய வழக்கு வந்தது. கைரோபிராக்டிக்குக்கு மருத்துவத்தினின்று முற்றும் வேறான தனித் தத்துவம் உண்டு, ஆகவே அது மருத்துவத் தொழில் ஆகாது என வழக்குரைஞர் மோரிஸ் வாதாடினார், மொரிகுபோ விடுவிக்கப்பட்டார். அன்று முதல் உயிராற்றல் வாதம் அத்தொழிலுக்கு நம்பிக்கையாக மட்டுமன்றிக் கேடயமாகவும் ஆயிற்று. கேடயத்தை எளிதில் கீழே வைப்பார் இல்லை. அத்தொழிலுக்குள்ளேயே, தத்துவத்தை விடாத 'நேர்வழியார்', பிற மருத்துவ முறைகளையும் ஏற்ற 'கலப்பார்' என இரு பிரிவு தோன்றிப் பல்லாண்டு பூசலிட்டனர். 2010இல் பிரிட்டனின் பொதுக் கைரோபிராக்டிக் மன்றம், முள்ளெலும்பு விலகலே நோய்க்குக் காரணம் என்ற கருத்து வரலாற்றுக் கருத்தாக எஞ்சியதேயன்றி மருத்துவ ஆய்வுச் சான்றால் நிறுவப்பட்டதன்று என்று தன் உறுப்பினர்க்கே அறிவித்தது. இடுப்பு வலிக்கு முதுகெலும்புச் சிகிச்சை ஓரளவு உதவுகிறது என்பதை ஆய்வுகள் ஒப்புகின்றன. உடற்பயிற்சி முதலிய பிற முறைகளைவிடப் பெரிதும் மேம்பட்டதாக அவை காட்டவில்லை. கை நன்மை செய்கிறது. கைக்குச் சொல்லப்பட்ட காரணமே நிற்கவில்லை.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டு மரபுவழி, துணைநிலை மருத்துவச் சட்டத்தின்கீழ் ஏற்கப்பட்ட துறைகளுள் மரபுவழி இந்திய மருத்துவமும் கைரோபிராக்டிக்கும் இடம்பெற்றிருக்கின்றன. சித்த மருத்துவமும் பால்மரின் மருத்துவமும் ஒரே சட்டத்தின் நிழலில் வந்து நிற்பதைக் கண்ட தமிழார்வலர் சிலர், இரண்டும் ஒன்றே என்று பேசவும் எழுதவும் தலைப்பட்டனர். 'நம் சித்தர்கள் அன்றே சொன்னதை அமெரிக்கர் இன்று கண்டனர்' என்பது அவர்களுடைய வழக்கமான வாய்பாடு. பால்மரின் உள்ளறிவுதான் பிராணன். முள்ளெலும்பு விலகல்தான் வர்மம் கொண்ட நிலை. அனிச்சைச் செயல்கள் உடலில் உயிர் பேசும் பேச்சு. இப்படியே ஒப்புமை விரிகிறது. இங்குத்தான் திறனாய்வு தேவைப்படுகிறது. இவ்வொப்புமை இரு மரபுகளுக்கும் நீதி செய்யவில்லை.

வர்மத்தை முதலில் நோக்கலாம். கன்னியாகுமரி வட்டாரத்து ஆசான்கள் காத்துவந்த அக்கலை, 12 படுவர்மமும் 96 தொடுவர்மமுமாக 108 இடங்களைக் குறிக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் அடிபட்டால் என்ன குறி தோன்றும், எத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. அது போர்க்களத்திலும் சிலம்பக் களத்திலும் பிறந்த அறிவு. எவ்விடம் அடிபட்டால் ஆள் விழுவான் என்பதைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியல் அது. எல்லா நோய்க்கும் ஒரே காரணம் என்று வர்ம மரபு கூறவில்லை. சித்த மருத்துவம் வாதம், பித்தம், ஐயம் என மூன்று கூறுகளை வைத்து, உணவு, பருவம், நிலம், தொழில் ஆகியவற்றையெல்லாம் நோய்க்குக் காரணமாக எண்ணுகிறது. அதன் கோட்பாட்டை ஏற்பதும் ஏற்காததும் ஒருபுறம் இருக்கட்டும். பால்மரின் ஒற்றைக் காரணத்தோடு அதனை ஒன்றாக்குவது அதனைச் சுருக்குவதேயன்றி உயர்த்துவதாகாது.

இரண்டாவதே முதன்மையானது. உடலைக் காக்கும் உயிர்வளியே அறிவுடைய உயிர் என்று கொள்வதை, தமிழ்த் தத்துவ மரபின் முதன்மையான நூலொன்று வெளிப்படையாக மறுத்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதை நிறுவுவது. அங்கு அவர் உடலே உயிர் என்பாரையும், புலன்களே உயிர் என்பாரையும், பிராணனே உயிர் என்பாரையும் ஒவ்வொருவராக மறுத்துச் செல்கிறார். பிராணனை மறுக்க அவர் எடுத்த சான்று மிக எளியது: உறக்கம். உறங்குபவனிடம் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது; ஆனால் அவனுக்கு நுகர்ச்சியும் இல்லை, தொழிலும் இல்லை. மூச்சே அறிகின்ற பொருளாயின் உறக்கத்திலும் அறிதல் நிகழ வேண்டும். நிகழவில்லை. எனவே மூச்சு வேறு, அறிபவன் வேறு. அதே சூத்திரத்தில் உடலைக் குறிக்க அவர் ஆண்ட சொற்களுள் ஒன்று 'இயந்திரம்' என்பது. மாயையிலிருந்து தோன்றிய ஓர் இயந்திரம் உடல். அதனுள் இருப்பது ஆன்மா.

சைவ வகுப்புகளில் இச்சூத்திரத்தை உயிரின் இருப்புக்குச் சான்றாக மட்டும் படிப்பித்து விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அதன் மறுபாதி கவனிக்கப்படுவதில்லை. உயிர் உண்டு என்று நிறுவ வந்தவர், உடலின் தானியங்குதலை உயிரின் அறிவுக்குச் சான்றாகக் காட்டவில்லை. உறக்கத்தில் ஓடும் மூச்சைக் கண்டு, 'இதோ உள்ளறிவு வேலை செய்கிறது' என்று பால்மர் கூறுவார். அதே மூச்சைக் கண்டு, 'இங்கு அறிவு இல்லை' என்று மெய்கண்டார் கூறுகிறார். ஒரே சான்று, முடிவுகள் எதிரெதிர். இவ்விருவரையும் ஒரே மேடையில் அமர்த்தி மாலையிடுவோர் இருவரில் ஒருவரையாவது படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

தமிழ்ச் சொல்லொன்றும் இங்கு நினைக்கத்தக்கது. கண், காது, மூக்கு, நாக்கு, மெய் ஆகிய ஐந்தையும் 'பொறி' என்றே தமிழ் அழைக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதிலில் பகைவரைத் தாக்க அமைந்த கருவிகளும் பொறிகளே. சீவகசிந்தாமணியில் அரசி விசயை ஏறிப் பறந்த மயிலும் பொறியே. எலி பிடிப்பதும் பொறி. தீயின் சிதறலும் பொறி. புலனுறுப்பையும் இயந்திரத்தையும் ஒரே சொல்லால் அழைத்த மொழிக்கு, உடலைப் பொறியென்று கூறுவதால் உயிருக்கு இழிவு வந்துவிடும் என்ற அச்சம் இருந்திருக்க இயலாது. அவ்வச்சம் பின்னாளில், பிறர் நூல்களின் வழியே வந்து சேர்ந்தது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் இதற்குத் துணை நிற்கும். அச்சத்தில் மெய் நடுங்குகிறது. வியப்பில் மயிர் சிலிர்க்கிறது. இவை இச்சையின்றி நிகழ்வன. உள்ளத்தில் உள்ளதைக் காண்போர்க்கும் புலப்படுத்துவன. மயிர்க்காம்பு அஞ்சியது என்று எவ்வுரையாசிரியரும் எழுதவில்லை. அஞ்சியவர் ஒருவர், சிலிர்த்த மயிர் அதன் குறி. அனிச்சையைக் குறியாகப் படிக்க வேண்டும் என்ற இந்நோக்கு மருத்துவருக்கும் பொருந்தும். குறியை அறிவென்று மயங்கினால் அதனைப் படிப்பது நின்றுபோகும். அப்படி நின்றுபோவதால் வரும் கேடு என்ன என்பதற்குச் சான்று தேடி அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் வரலாற்றிலேயே அது இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை வாட்டிய நோய்களுள் பெரிபெரியும் ஒன்று. கால்கள் மரத்துத் தளரும். சிலருக்கு உடல் வீங்கும். இதயம் சோர்ந்து உயிர் போகும். அந்நோயின் குறிகளுள் முதன்மையானது முழங்கால் அனிச்சை குன்றி மறைவது. சுத்தியலால் தட்டினாலும் கால் எழுவதில்லை. குந்தி உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ இயலாது. சுரங்கங்களிலும் சிறைகளிலும் இருந்த சீனத் தொழிலாளரை அது கூட்டங்கூட்டமாகத் தாக்கியது. தோட்டத் தமிழரை அது பெரும்பாலும் தீண்டவில்லை.

நெகிரி செம்பிலானில் அரசாங்க அறுவை மருத்துவராகப் பணியாற்றிய பிராடன் இவ்வேறுபாட்டை நெருங்கி ஆராய்ந்தார். காற்று, நீர், குடியிருப்பு, இனம், உடல்வாகு என்று பிறர் கூறிய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கினார். எஞ்சியது சோறு. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது அவ்வப்போது குற்றிய அரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. 1907இல் வெளியிட்ட நூலில், கெட்டுப்போன பச்சரிசியில் உண்டாகும் ஒரு நஞ்சே பெரிபெரிக்குக் காரணம் என்று பிராடன் முடிவு செய்தார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் 1905 முதல் நோயாளரை இரு பகுதியாக்கி ஒரு பகுதிக்குப் பச்சரிசியும் மறுபகுதிக்குப் புழுங்கல் அரிசியும் தந்து பார்த்தார். பச்சரிசிப் பகுதியிலேயே நோய் தலையெடுத்தது. பின்னர் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலான் காட்டுப் பகுதியில் சாலை வேலை செய்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரைக் கொண்டு அதையே மீண்டும் சோதித்து 1909இல் அறிக்கை தந்தனர். அரிசிகளை மாற்றிக் கொடுத்தபோது நோயும் மாறிச் சென்றது. (நோய் வருமென்று தெரிந்தும் மனிதரை இவ்வாறு பகுத்துச் சோறிட்டது இன்று எந்த ஒழுக்க நெறிக்கும் ஒவ்வாதது. அதனைச் சொல்லாமல் இக்கண்டுபிடிப்பை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.)

பிராடனின் நஞ்சுக் கொள்கை பிழையாயிற்று. அரிசியில் கெட்ட பொருள் சேர்ந்தது காரணமன்று; நல்ல பொருள் நீங்கியதே காரணம். ஜாவாவில் எய்க்மன் கோழிகளைக் கொண்டு செய்த ஆய்வும், பின்னர் வந்த பிறர் ஆய்வுகளும் அதனைத் தெளிவாக்கின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. அதன்பின் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. பொறிவாதியும் காரணத்தைத் தவறாகக் கூறக்கூடும் என்பதற்குப் பிராடன் எடுத்துக்காட்டு. ஆனால் அவர் கூற்று சோதித்துப் பிழை காணத்தக்கதாயிருந்தது. பிழை காணப்பட்டது; அடுத்த படி எடுத்துவைக்கப்பட்டது. உள்ளறிவின் பாய்ச்சல் தடைப்பட்டது என்று அவர் எழுதியிருந்தால் எந்தச் சோதனையாலும் அதனை மறுத்திருக்க இயலாது. சோறும் மாறியிராது.

நெல் புழுக்கிய தஞ்சைப் பெண்டிருக்கு இச்சத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அரிசி நொய்யாகாமல் இருக்கவும், பூச்சி பிடிக்காமல் இருக்கவும், வழிவழி வந்த பழக்கத்தாலும் புழுக்கினார்கள். அப்பழக்கம் கடல் கடந்த பின்னும் அவர்தம் மக்களின் கால்களைக் காத்தது. இதனைக் கண்டு 'முன்னோரின் உள்ளறிவு' என்று முழங்குவோர் உண்டு. லோட்ஸெ தவளையைப் பற்றிக் கூறியதே இதற்கும் விடையாகலாம். பழக்கம் பயன் தந்தது. பயன் தெரிந்து பழக்கம் வரவில்லை.

1912இல் காசிமிர் ஃபுங்க் அச்சத்து வகைக்கு 'வைட்டமின்' என்று பெயரிட்டார். உயிர் என்று பொருள்படும் இலத்தீன் அடியை வேதிப்பொருளின் பெயரோடு ஒட்டி அமைத்த சொல் அது. தமிழ்ப் பாடநூலாசிரியர் அதனை 'உயிர்ச்சத்து' என்றனர். மொழிபெயர்ப்புகளில் இது மிக நல்ல ஒன்று. அரிசித் தவிட்டிலிருந்து பெரிபெரி தடுக்கும் சத்து 1926இல் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1936இல் ஆய்வுக்கூடத்திலேயே செய்யப்பட்டது. உயிர் என்ற சொல்லைத் தாங்கிய ஒரு பொருள் இப்போது குப்பியில் கிடைக்கிறது. அதனால் உயிர் என்னும் சொல் பொய்யாகிவிடவில்லை. அறியப்படாத ஒன்று இருந்த இடத்தில் அச்சொல் காவலாக நின்றது. அறியப்பட்ட பின் அங்கேயே பெயராகத் தங்கிவிட்டது. உயிராற்றல் வாதத்துக்கு இதைவிடப் பெருமை தேவையில்லை. காவலாளி வீட்டை உரிமை கொண்டாடத் தொடங்கும்போதே தொல்லை வருகிறது.

புழுங்கல் அரிசி வரவு நின்றபோது என்ன நிகழ்ந்தது என்பதையும் இம்மக்கள் அறிவர். 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சியில் மரவள்ளிக் கிழங்கே பலர்க்கு உணவாயிற்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் காலரா, மலேரியா ஆகியவற்றோடு பெரிபெரியாலும் மாண்டனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் எந்த இனத்தின் கால்கள் நோயின்றி நின்றனவோ அதே இனத்தின் கால்கள் வீங்கித் தளர்ந்தன. அவர்களிடத்து உள்ளறிவு குறைந்துவிடவில்லை; அரிசி குறைந்தது.

பொறிவாதத்தின் மீதும் ஒரு குற்றம் சொல்லப்பட வேண்டும். அது கோட்பாட்டில் உள்ள குற்றமன்று; அதனைக் கையாண்டவரின் குற்றம். தோட்ட நிர்வாகத்துக்குத் தொழிலாளி 'ஆள்' கணக்கு. பெரட்டில் நின்றால் ஓர் ஆள். நிற்கவில்லையானால் ஓர் ஆள் குறைவு. உடலைப் பொறியென்று ஆராய்ந்த அறிவியல், மனிதனையே பொறியாக நடத்திய வணிகத்தோடு ஒரே கப்பலில் வந்திறங்கியது. டிரசரிடம் மாத்திரை பெற்றுத் திரும்பியவர் அதனாலேயே உருவிவிடும் பெரியவரின் திண்ணையை நாடினார். அங்கு அவர் பெயர் சொல்லி அழைக்கப்பட்டார். வலி எங்கே, எப்போது, என்ன சுமந்தாய் என்ற வினாக்கள் அங்கேதான் கேட்கப்பட்டன. அத்திண்ணைக்கு இருந்த மதிப்பு வாயுக் கொள்கையால் வந்ததன்று. கேட்டறிந்த அன்பால் வந்தது. இன்று கைரோபிராக்டிக் நிலையங்களில் ஒருவர் அரைமணி நேரம் கவனிக்கப்படும்போது உண்டாகும் ஆறுதலும் அத்தகையதே. தத்துவத்தின் வெற்றியாக அதனைக் கணக்கிடுவது தவறு. அரசு மருத்துவமனையின் நீண்ட வரிசைக்கு அது ஒரு பாடமாகலாம்.

இவ்வழக்கில் இன்று எது பணயமாக இருக்கிறது என்பதற்கு நீரிழிவைக் காட்டினால் போதும். மலேசியாவின் தேசிய உடல்நல ஆய்வுகளில் நீரிழிவு விகிதம் இந்தியரிடையே மற்ற இனத்தாரைவிட மிகுந்து காணப்பட்டிருக்கிறது. நீண்டநாள் நீரிழிவு கால் நரம்புகளைக் கெடுக்கிறது. முதலில் பாதத்தில் எரிச்சலும் குறுகுறுப்பும் தோன்றும், பின்னர் மரத்துப் போகும், கணுக்கால் அனிச்சை மறையும், முள் குத்தினாலும் தெரியாது, புண் ஆறாது, இறுதியில் காலையே நீக்க நேரிடும். தாமான்களிலும் எஞ்சிய தோட்டங்களிலும் இதற்கு இன்றும் வழங்கும் பெயர் 'நரம்புத் தளர்ச்சி'. அப்பெயர் கேட்டவுடன் எண்ணெய் வருகிறது, உருவுதல் வருகிறது, அண்மைக்காலமாக முதுகெலும்பைச் சீர்செய்து நரம்பின் ஓட்டத்தைத் திறந்துவிடும் வாக்குறுதியும் வருகிறது. ஒவ்வொன்றும் சிறிது ஆறுதல் தருவதே. ஒவ்வொன்றோடும் சில மாதங்கள் கழிகின்றன.

தமிழாசிரியர் மருத்துவர் அல்லர். ஆனால் 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல் எதையும் விளக்காமல் எல்லாவற்றையும் விளக்கியது போல் தோன்றச் செய்கிறது என்பதைக் காட்டுவது சொல்லாராய்ச்சியே. அது தமிழாசிரியர் வேலையே. மாணவர் அதனை வீட்டுக்கு எடுத்துச் செல்வர். பெரியவர் சொல்லை மறுத்துப் பேசாமலே அவ்வீட்டில் ஒரு வினாவை எழுப்ப இயலும். கணுக்காலின் பின்புறம் தட்டியும் பாதம் அசையவில்லையெனில், முதுமையாலும் அவ்வாறு நேரலாம், நோயாலும் நேரலாம். எது என்று அறிய முதலில் இரத்தத்தில் சர்க்கரை அளவு பார்க்கப்பட வேண்டும். எண்ணெய் தேய்ப்பதை அன்று மாலையும் வைத்துக்கொள்ளலாம்.